ஒலிபெருக்கியும் மின்மூலமும்: தமிழ், பிரெஞ்சுச் சொற்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'ஒலிபெருக்கி' என்னும் சொல், கம்பத்தில் கட்டப்படும் குழாயையும் அதனை இயக்கும் கருவியையும் ஒருசேரக் குறிக்கின்றது. பிரெஞ்சு மொழியோ முன்னதை 'ஓ-பர்லர்' என்றும் பின்னதை 'ஆம்ப்ளிஃபிகத்தர்' என்றும் பிரித்து வழங்குகின்றது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுச்சேரியில் இவ்விரு மொழிகளும் அருகருகே புழங்கின. பிரெஞ்சுச் சொற்கள் காட்டும் வேறுபாடு தொழில்நுட்ப அடிப்படையுடையது. அக்கருவி பெருக்குவது ஒலியை அன்று, மின்குறிகையின் திறனையே. ஆதலின் அது மின்சோதனைக்குரிய மாறுதிசை மின்மூலமாகவும் பயன்படும்.

வரலாற்றுப் பின்புலம்

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய ஆடியான் குழலின் மேம்பட்ட வடிவங்கள், 1915இல் தொடங்கப்பட்ட நியூயார்க் – சான் ஃபிரான்சிஸ்கோ தொலைபேசித் தடத்தில் பெருக்கிகளாக அமைந்தன. 1927இல் ஹரால்ட் பிளாக் கண்ட எதிர்ப்பின்னூட்ட முறை, பெருக்கத்தின்போது அலைவடிவம் சிதைவதைக் குறைத்தது. 1939இல் ஹியூலட்–பேக்கார்டு நிறுவனம் '200ஏ' அலையியற்றியை வெளியிட்டது. அதன் மாற்று வடிவமான '200பி' கருவிகள் எட்டினை, 'ஃபேன்டேசியா' திரைப்பட ஒலியமைப்புக்காக டிஸ்னி நிறுவனம் வாங்கியது. அலையியற்றி அதிர்வெண்ணைத் தரும். பெருக்கி திறனைத் தரும். இரண்டும் இணைந்தபோது, செவியுணர் எல்லைக்குள் வேண்டிய அதிர்வெண்ணில் மின்திறன் பெறும் வழி பிறந்தது.

பயனும் வரம்பும்

பொது மின்வழங்கல் 50 ஹெர்ட்சு மட்டுமே தருவது. வானூர்திக் கருவிகளுக்கோ 400 ஹெர்ட்சு வேண்டும். விழாக்களில் இயங்கும் பெருக்கிகள் பலவற்றில் 100 வோல்ட் வெளியீடு உண்டு. 100 வாட் பெருக்கி அதன்வழி 1 ஆம்பியர் தரும். மின்மாற்றியால் 230 வோல்ட்டாக உயர்த்தினால் ஏறத்தாழ 0.43 ஆம்பியரே கிட்டும்.

எனினும், பேச்சின் சராசரித் திறன் குறைவு. சோதனை அலையோ இடைவிடாதது. மின்தூண்டல் மிக்க சுமையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் கட்டம் விலகுவதால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் மிகுதியாகச் சூடேறும். எஞ்சிய நேர்மின்னோட்டம் மின்மாற்றியின் உள்ளகத்தைத் தெவிட்டச் செய்யும். இவற்றை ஆராயாது இணைப்பது கருவிக்குக் கேடு.

முடிவுரை

பாடநூல் தமிழ் வழங்கும் 'பெருக்கி' என்னும் சொல் இத்தெளிவை மீட்டளிக்கின்றது. பெயரை மட்டும் பற்றி எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறு, விழாப் பந்தலின் கருவியைக் கேளிக்கைப் பொருளாகவே பதிவுசெய்யும். விலைமிகு மின்மூலம் வாங்க இயலாத ஆய்வகத்திற்கு அது சோதனைக் கருவியுமாகும் என்பது மறைந்துபோகும்.