பெயரும் பேரேடும்

ஊருக்குப் பெயர் சூட்டுவோர் மக்கள். அப்பெயரைப் பேரேட்டில் ஏற்றுவோர் அதிகாரம் உடையோர். நாவில் மட்டும் வாழும் பெயர், அந்நா ஓய்ந்த அன்றே மறைந்துபோகும். இவ்வுண்மைக்கு வட சிலாங்கூர்த் தோட்டப்புறம் தக்க சான்றாகும். அதனை அறிந்தோர்க்கு இணையத்தில் பெயர்கள் ஆளப்படும் முறையும் எளிதில் விளங்கும்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைப் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டு தொடங்கியது இங்கேதான். ஐரோப்பியர் நடத்திய அத்தோட்டத்தின் பெயரில் தென்னைமரம் என்னும் தமிழ்ச்சொல் இன்றும் ஒலிக்கிறது. அலுவலக ஏட்டில் ஏறியதால் அது நிலைத்தது. அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. பாட்டாளிகள் தமக்குள் வழங்கிய தோட்டப் பெயர்கள் பலவோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. லயங்கள் கலைந்தபோது அவையும் கலைந்தன.

தமிழகத்துச் சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்த மடல் தோட்டத்தை அடைந்த வழியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். முகவரியின் கடைசி வரியே முதலில் படிக்கப்பட்டது. நாடு, மாநிலம், அஞ்சலகம், தோட்டம் என ஒவ்வொரு படியாக இறங்கி, மடல் அலுவலகக் கிராணியின் கைக்கு வந்தது. எந்த லயத்தில் எவர் குடியிருக்கிறார் என்பது கோலாலம்பூர் அஞ்சலகத்துக்குத் தெரிய வேண்டுவதில்லை. கிராணிக்குத் தெரிந்தால் போதும். ஒருவரே எல்லாவற்றையும் அறிந்திருக்கத் தேவையின்றி, அவரவர் எல்லைக்குள் அவரவர் பொறுப்பு ஏற்பதே இம்முறையின் வலிமை.

இணையம் தொடக்கத்தில் இவ்வாறு அமையவில்லை. கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன; மனிதர்க்கோ பெயரே நினைவில் நிற்கும். அதனால் 1970களில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவினர், பெயரையும் எண்ணையும் இணைத்து ஒரே பட்டியலைப் பேணினர். உலகெங்குமிருந்த கணினிகள் அப்பட்டியலைப் படியெடுத்துக் கொண்டன. கணினிகள் பெருகவே பட்டியல் பளுவாயிற்று. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்பார் ஜான் போஸ்டலின் வேண்டுகோளுக்கிணங்கக் களப்பெயர் முறையை வகுத்தார். ஒரே பேரேடு பல பேரேடுகளாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அம்முறை மடலின் வழியை ஒத்ததே. களப்பெயரும் வலமிருந்து இடமாகவே ஆராயப்படுகிறது. ஒரு பெயரைத் தேடும் கணினியின் பொருட்டு, வினவும் வழங்கி முதலில் வேர் வழங்கியை அணுகும். 13 பெயர்களில் இயங்கும் வேர் வழங்கிகள் விடையை முழுமையாகக் கூறுவதில்லை. மலேசியாவின் ‘எம்ஒய்’ என்னும் மேல்நிலைப் பெயருக்குரிய பேரேடு எங்குள்ளது என்று மட்டும் வழிகாட்டும். அப்பேரேடு அடுத்த படியைக் காட்டும். இறுதிப் படியில் உரிய எண் கிடைக்கும். கிடைத்த விடை குறித்த காலம்வரை நினைவில் வைக்கப்படுவதால், ஒவ்வொரு முறையும் வேர்வரை செல்ல வேண்டுவதில்லை.

ஒரு வேறுபாடும் நோக்கத்தக்கது. பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 45600 என்னும் அஞ்சல் குறியீட்டு எண் மாறவில்லை. இணையத்திலோ, கணினியை மாற்றினால் எண் மாறக்கூடும். பேரேட்டில் புதிய எண்ணைத் திருத்தி எழுதினால் பெயர் அப்படியே நிலைக்கும்.

‘எம்ஒய்’ என்னும் குறி 1987இல் மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. எனினும் களப்பெயர்கள் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளையே ஏற்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் டின் வீ முதலியோர் 1998இல் பிறமொழிக் களப்பெயர்களுக்கான ஆய்வைத் தொடங்கினர். 2003இல் உலகப் பொதுநெறி வகுக்கப்பட்டது. அதன்படி தமிழ்ப்பெயர் உள்ளே ஆங்கில எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டே பேரேட்டில் ஏறுகிறது; படிப்போர் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றுகிறது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளின் பெயர்கள் தமிழெழுத்திலேயே வேர்ப் பேரேட்டில் இடம்பெற்றன. நாட்டின் ஆட்சிமொழிகளில் அமைந்த பெயருக்கே அவ்வழி திறக்கப்பட்டதால், மலேசியாவின் பெயர் ஜாவி எழுத்தில் ஏறிற்று, தமிழில் ஏறவில்லை.

ஆயினும் கதவு அடைபட்டுவிடவில்லை. தமிழெழுத்தை ஏற்கும் பிற மேல்நிலைப் பெயர்களின்கீழ்ப் பள்ளியும் கழகமும் தம் பெயரைத் தமிழிலேயே பதிவு செய்யலாம். பதிந்ததை உரிய காலத்தில் புதுப்பித்தலும் வேண்டும். தவறின் அப்பெயர் பிறர் கைக்குப் போகும்.

தோட்டப் பேரேட்டை எழுதும் உரிமை பாட்டாளிக்கு அன்று இல்லை. அவர்தம் பெயரர்க்கு இணையப் பேரேட்டில் ஒரு வரியேனும் எழுதும் வாய்ப்பு உண்டு. மறைந்துவரும் தோட்டப் பெயர்களைத் திரட்டவும், அவற்றைத் தமிழெழுத்தில் பதியவும் மாணவரைப் பழக்கும் ஆசிரியர், தென்னமரம் கற்பித்த பாடத்தையே கற்பிப்பவராவார்: ஏட்டில் ஏறிய பெயரே நிற்கும்.