தண்டவாளம் போச்சு, தடம் நின்னுச்சு

அடி அண்ணாமலைக்காரனான எனக்கு நடைன்னாலே 14 கிலோமீட்டர் கிரிவலம்தான் அளவு. சிங்கப்பூர்ல அதைவிட நீளமா, 24 கிலோமீட்டருக்கு ஒரு பசுமைப் பாதை இருக்கு மக்களே. பழைய மலாயா ரயில் ஓடின தடம் அது.

2011 ஜூன் 30 ராத்திரி தஞ்சோங் பகார்லேர்ந்து கடைசி ரயில் கிளம்பிச்சு. அப்புறம் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துட்டாங்க. அந்த ஊர்ல நிலம்னா தங்கம், பிளாட் போட்டிருக்கலாம். ஆனா சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010-லேயே, தடத்தைத் துண்டாக்காம பசுமையா விடணும்னு திட்டம் கொடுத்திருந்தது. அரசும் காது கொடுத்துச்சு. நடுவுல அறுத்தா கிரிவலம் ஏது? அதே கணக்குதான் இங்கேயும்.

இந்தக் கதையில நம்மாளுங்களும் உண்டு. குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில், ரயில்வே தொழிலாளிகள் கும்பிட ஆரம்பிச்ச சின்னக் கோயில்தான். ரயில் போயிடுச்சு, முனீஸ்வரன் இருக்கார். சிங்கப்பூர் நண்பர்களே, அந்தப் பாதையில நடக்கும்போது அவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.