மைக்ரோகண்ட்ரோலரில் பல அனலாக் உள்ளீடுகளை வாசித்தல்

வெப்பம், ஒளி, அழுத்தம், குமிழின் திருப்பம் முதலியவற்றைக் காட்டும் பல மின்னழுத்தங்களை, சில்லுக்குள் இருக்கும் ஒரே ஏடிசியால் (அனலாக்-டிஜிட்டல் மாற்றியால்) முறைவைத்து அளக்கும் நுட்பம். உள்ளீடுகள் ஆறோ பதினாறோ, அவற்றை எண்ணாக மாற்றும் ஏடிசி பெரும்பாலும் ஒன்றுதான். மல்டிபிளெக்சர் என்னும் மின்னணு நிலைமாற்றி ஒவ்வொரு முனையாக அதனோடு இணைக்கிறது. துல்லியச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தப் பகிர்விலிருந்தே எழுகிறது.

முன்வரலாறு: ஒரு கம்பியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்துவது 1870களில் எமில் போதோவின் தந்திக் கருவியிலேயே உண்டு. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் கலைக்கு, அலெக் ரீவ்ஸ் 1930களின் இறுதியில் பாரிசில் பணியாற்றியபோது பெற்ற காப்புரிமையே தொடக்கம் என்பது வழக்கமான கூற்று. பால் ரெய்னி 1926இல் அமெரிக்காவில் பெற்ற படத்தந்திக் காப்புரிமையிலும் அக்கருத்து இருப்பதால், முதன்மை யாருக்கு என்பதில் நூலாசிரியர்கள் வேறுபடுகின்றனர்.

1954இல் பெர்னார்ட் கார்டன் எப்ஸ்கோ நிறுவனத்தில் வடிவமைத்த டாட்ராக், வெற்றிடக் குழாய்களால் ஆனது. 11 பிட் அளவீட்டை நொடிக்கு 50,000 முறை செய்தது. எடை சுமார் 68 கிலோ, மின்செலவு 500 வாட். அது கையாண்டது படிப்படித் தோராய முறை: பெரிய படிக்கல்லை முதலில் தட்டில் வைத்துப் பார்த்து, மிகுந்தால் எடுத்துவிட்டு, அடுத்த பாதியளவுக் கல்லை வைத்துப் பார்ப்பது போன்றது. 1, 2, 4, 8 என இரட்டிக்கும் எடைகளால் நிறுக்கும் கணக்கை இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாலியா 1556லேயே எழுதியிருக்கிறார். மைக்ரோகண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை இன்றும் படிப்படித் தோராய முறையில்தான் அளக்கின்றன.

டிரான்சிஸ்டர் காலத்தில் கருவிகள் சுருங்கின.

சில்லுக்குள் நுழைவு: 1975இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்ரியரியும் பால் கிரேயும் வெளியிட்ட மின்னூட்டப் பங்கீட்டு முறை பெரிய திருப்பம். மின்தடைகளுக்குப் பதிலாக இருமடி விகிதத்தில் அமைந்த மின்தேக்கிகள் எடைக்கற்களாயின. உள்ளீட்டைப் பிடித்து வைத்திருக்கும் வேலையையும் அவையே செய்தன. மாஸ் சில்லில் மின்தேக்கிகளின் விகிதம் நன்றாகப் பொருந்தும் என்பதால், ஏடிசி கணிப்பொறிச் சுற்றுக்கு அருகிலேயே இடம்பெற முடிந்தது. இரண்டு அனலாக் உள்ளீடுகளும் 8 பிட் ஏடிசியும் கொண்ட இன்டெல் 8022 முன்னோடி என்று பொதுவாகச் சொல்லப்படும். 1980களின் நடுவில் வந்த மோட்டரோலா 68எச்சி11, நான்கு உள்ளீடுகளைத் தானாகவே வரிசையாக அளந்து நான்கு பதிவகங்களில் இட்டுவைத்தது.

ஆர்டுயினோ காலம்: 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ, இவ்வேலையை மாணவர் மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் ஊனோ பலகையில் பயன்பட்ட ஏடிமெகா328பி சில்லைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் ஏடிசி 10 பிட். ஊனோவின் இயல்பான அமைப்பில் ஓர் அளவீட்டுக்குச் சுமார் 104 மைக்ரோநொடி. உள்ளே இருக்கும் பிடிப்பு மின்தேக்கி வெறும் 14 பிகோஃபாரட். முனை மாறும்போது அதில் முந்தைய முனையின் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். புதிய முனை அதை ஏறத்தாழ 12 மைக்ரோநொடிக்குள் மாற்றியாக வேண்டும். அரை எண் பிசகுக்குள் வர ஏழரை நேர மாறிலி (மின்தடையையும் மின்தேக்கத்தையும் பெருக்கிய அளவு) தேவை. மூலத்தின் மின்தடை 10 கிலோ ஓம் என்றால் இதற்கு ஒரு மைக்ரோநொடி போதும். 1 மெகா ஓம் என்றால் நூறுக்கு மேல் வேண்டும், அதனால் பக்கத்து முனையின் மதிப்பு இதில் கலந்து தெரியும். சில்லின் உள்மின்தடையைச் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும். 10 கிலோ ஓமுக்குள் இருக்கட்டும் என்று தரவுத்தாள் சொல்வதன் பின்னணி இதுவே.

முனையருகே 100 நானோஃபாரட் மின்தேக்கி வைப்பது அழகான தீர்வு. உள்மின்தேக்கியைவிட அது ஏழாயிரம் மடங்கு பெரியது. அது கொடுக்கும் மின்னூட்டத்தால் மின்னழுத்தம் அசைவது 10 பிட் அளவீட்டில் தெரியாது. மூலத்தின் மின்தடை 100 கிலோ ஓமானால், முனையின் நேர மாறிலி 10 மில்லிநொடியாக நீளும் என்பதே அதன் விலை.

முனை மாற்றியதும் முதல் அளவீட்டைத் தள்ளிவிடும் வழக்கத்தைப் பற்றி ஒருமித்த கருத்தில்லை. அளவுகோலாகப் பயன்படும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை மாற்றினால் அப்படிச் செய்யுமாறு தரவுத்தாளே அறிவுறுத்துகிறது. முனை மாற்றத்துக்கும் அது பொருந்தும் என்போர் உண்டு; மூலத்தின் மின்தடை குறைவாக இருந்தால் தேவையில்லை என்போரும் உண்டு.

நுண்மையைக் கூட்டப் பல அளவீடுகளின் சராசரி எடுப்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் நான்கு மடங்கு அளவீடுகள் தேவை. ஆனால் சமிக்ஞையில் ஓர் எண் அளவுக்காவது இரைச்சல் இருந்தால்தான் இது பலிக்கும். முனைகள் போதாதபோது சிடி4051 போன்ற எட்டுவழி மல்டிபிளெக்சரை வெளியே சேர்ப்பர். குமிழ்களுக்கும் ஏடிசிக்கும் ஒரே மின்னழுத்தத்தை ஒப்பீடாகத் தருவது, அதன் ஏற்ற இறக்கத்தைத் தானே நீக்கிவிடும்.

அண்மைக்காலம்: முதல் இஎஸ்பி32 சில்லின் இரண்டாம் ஏடிசியை வைஃபை இயங்கும்போது நம்ப முடியாது. 2021இல் வந்த ஆர்பி2040, 12 பிட் என்றாலும் பயன்தரும் துல்லியம் சுமார் 8.7 பிட்டே, நான்கு குறிப்பிட்ட எண்களில் அதன் அளவீடு துள்ளுகிறது.