அப்பாயி வழுக்கி விழுந்த பாத்ரூமும் மாளிகைமேட்டு ஓடும்

பொங்கலுக்கு தா.பழூர் போயிருந்தேன். அப்பாயி கையில மாவுக்கட்டோட திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்களாம். அந்த பளபள டைல்ஸ், முதல் வருஷ சம்பளத்துல நானே தேடித்தேடி எடுத்துப் போட்டது. "கண்ணாடி மாதிரி இருக்குன்னு பெருமையா சொன்னியேடா, கண்ணாடி மேல எவனாவது நடப்பானா?"ன்னாங்க. பொறியியல் படிச்ச பேரனுக்கு பதில் வரலை :-)

அந்தக் குற்ற உணர்ச்சியில கொஞ்சம் தேடிப் படிச்சதுதான் இது.

நம்ம பக்கத்துல பதிக்கிற ஓடுன்னா முதல்ல கூரைக்குத்தான். ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். அங்க மாளிகைமேட்டுல 1980 வாக்கில் தமிழக தொல்லியல் துறை தோண்டினப்ப ராஜேந்திர சோழன் அரண்மனையோட செங்கல் சுவர்கள் கிடைச்சது. கூரைக்கு சின்னச் சின்ன தட்டை ஓடுகளை சுண்ணாம்புச் சாந்துல பல வரிசையா பதிச்சிருக்காங்க. இன்னிக்கு நம்ம மொட்டை மாடியில பதிக்கிற தட்டோடு அந்த வம்சம்தான்னு நான் நினைக்கிறேன். குளிக்கிற இடத்துக்கு? கிணத்தடி, கீத்து மறைப்பு, கொத்திவிட்ட சொரசொரப்பான கருங்கல். அவ்வளவுதான். சிமெண்ட்டும் ரெட் ஆக்சைடும் மொசைக்கும் வந்ததெல்லாம் அப்புறம்.

அழகுன்னா செட்டிநாடு. நகரத்தார் வீடுகளுக்கு இத்தாலி சலவைக்கல்லும் ஜப்பான் பூ ஓடும் கப்பல்ல வந்துச்சு. உள்ளூர்ல ஆத்தங்குடி கல். அதைச் சூளையில சுடறதே இல்லை. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட் ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுப்பாங்க. கண்ணாடி பட்ட முகம்தான் அந்த வழவழப்பு.

அதையே இந்த தடவை தரைக்குப் போட்டா என்னன்னு கேட்டேன். கொத்தனார் சிரிச்சார். "உப்புக்கறை போக ஆசிட் ஊத்துவீங்கல்ல தம்பி?" யோசிச்சா சரிதான். அது சிமெண்ட், ஆசிட் அரிச்சிடும். மெருகு போட்ட பீங்கான் டைல் ஆசிட்டைத் தாங்கும், ஆனா சோப்புத்தண்ணி பட்டா அப்பாயியைத் தாங்காது.

விடை சின்ன ஓட்டுல இருந்துச்சு. ஓடு சின்னதா இருந்தா இணைப்பு நிறைய. ஒவ்வொரு இணைப்பும் காலுக்கு ஒரு பிடி. இன்னொண்ணு வாட்டம். ஜாலியை நோக்கி நாலு பக்கமும் சரிவு கொடுக்கணும். ரெண்டடிக்கு ரெண்டடி டைலை வளைக்க முடியுமா? சின்னத் துண்டு தரை போற பக்கம் போகும். பார்சிலோனாவுல கௌடி 1900-லிருந்து 1914 வரை கட்டின கூயெல் பூங்காவுல, வளைஞ்சு வளைஞ்சு போற பெஞ்சுக்கு உடைஞ்ச ஓட்டைப் பதிச்சதும் இதே கணக்குதான். நம்மூர் மாடியில அதுக்குப் பேரு சைனா மொசைக்!

இப்ப முடிவு இது: தரைக்கு மெருகில்லாத ரெண்டு அங்குல ஓடு. தண்ணி தெறிக்காத உயரத்துல, கதவுக்கு எதிர்ச் சுவத்துல ஒரே ஒரு வரிசை ஆத்தங்குடி. (அந்த ஆசையை மட்டும் விட முடியலை.) பழைய டைலை உடைச்சாச்சு. வேலை முடிய இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் அப்பாயி கிணத்தடி கருங்கல்லுலதான் குளிக்கிறாங்க. ரொம்ப சந்தோஷமா.