ரெண்டு எம்பி ராமும் ஒரு கிறிஸ்துமஸும்

பழைய கணினி திணறுதுன்னு யாராவது புலம்பினா நாம உடனே சொல்றது, "லினக்ஸ் போட்டுப் பாருங்க". ஏன்னு கேட்டா, "அது சின்னதுங்க, ராம் கம்மியா சாப்பிடும்"னு முடிச்சிடுவோம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

1991 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். ராம் 4 எம்பி. ஜிபி இல்லீங்க, எம்பிதான்! அதில் எழுதிய லினக்ஸின் முதல் பதிப்பு செப்டம்பரில் வெளியானது.

ஜெர்மனியில் ஒருத்தர்கிட்ட இருந்ததோ 2 எம்பிதான். அதில் கெர்னலை கம்பைல் பண்ண முடியவில்லை. கம்பைலருக்கே இடம் பத்தலை. லினஸுக்கு இது தேவையே இல்லை, அவர் பொட்டியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அந்த ஆளுக்காக 1991 கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, ராம் நிறைந்தால் ஹார்ட் டிஸ்கைப் பயன்படுத்தும் வசதியை எழுதினார். மினிக்ஸில் அன்று அது கிடையாது.

இதைத்தான் ஸ்வாப் என்கிறோம். சின்ன அடுப்படியில் சமைக்கும்போது இப்போ வேண்டாத அண்டா குண்டானைத் திண்ணையில் வைப்போமே, அது மாதிரி. எடுத்துவர நேரமாகும், ஆனா சமையல் நிக்காது.

1993ல் ஸ்லாக்வேர் வந்தது. 4 எம்பி பொட்டின்னா முதலில் ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டு அதை இயக்கிவிட்டு, அப்புறம்தான் நிறுவலையே தொடங்கணும். பிறகு 2003ல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் பப்பி லினக்ஸைக் கொண்டுவந்தார். 50 எம்பிக்குள் அடங்கிய டேம் ஸ்மால் லினக்ஸ், 16 எம்பி ராம் உள்ள 486லேயே ஓடியது.

இதெல்லாம் தானா நடக்கலை. பத்தாத பொட்டி வைத்திருந்தவர் வாய்விட்டுக் கேட்டார், வசதியான பொட்டி வைத்திருந்தவர் காது கொடுத்தார். கேட்க ஆள் குறைந்தபோது கதவுகளும் மூடின. லினக்ஸ் பிறந்த அதே 386க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் பிசிக்கு நிறுவியே கிடையாது. 2024ல் மறுபடி வந்த டேம் ஸ்மால் லினக்ஸும் இப்போ 700 எம்பி.

அதனால, பரணில் கிடக்கும் பொட்டியை இறக்கினால் ராம் எவ்வளவுன்னு பார்ப்பதற்கு முன்னாடி, ப்ராசசர் 64 பிட்டான்னு பாருங்க. ஆமாம்னா தைரியமா இறங்கலாம். ராம் பத்தலைன்னா கவலை வேண்டாம். 2 எம்பிக்காரருக்காக எழுத ஆரம்பித்த ஸ்வாப் இன்னிக்கும் கெர்னலில் உண்டு.