தீயும் கட்டட விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் நகரங்களை அமைத்து வாழத் தொடங்கிய காலந்தொட்டு, அவனது குடியிருப்புக்களைப் பெருமளவில் அழித்துவந்த சக்திகளுள் தீ முதன்மையானது. அதனை எதிர்கொள்ளும் முயற்சி இரு வழிகளில் நடைபெற்றது. மூண்ட தீயை அணைத்தல் ஒன்று. தீ மூண்டாலும் பரவாதவாறும், உள்ளிருப்போர் தப்பிச் செல்லக்கூடியவாறும் கட்டடத்தை அமைத்தல் மற்றொன்று. இரண்டாவது வழி பொறியியலாளருக்கு மட்டுமே உரிய விடயம் போலத் தோன்றலாம். ஆயினும், எதனைக் காப்பதற்காக விதி இயற்றப்பட்டது, எவருக்காக இயற்றப்பட்டது, இயற்றப்பட்ட விதி ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, அது சமூக வரலாற்றின் ஒரு பகுதியாகவே அமைவது புலனாகும்.

பழைய உரோமாபுரியிலேயே இத்தகைய விதிகள் தோன்றிவிட்டன. அகஸ்டஸ் பேரரசன் கி.பி. 6 இல் தீக்காவற் படையொன்றை நிறுவியதோடு, கட்டடங்களின் உயரத்துக்கும் எல்லை வகுத்தான். கி.பி. 64 இல் நகரின் பெரும்பகுதி எரிந்தபின், நீரோவின் ஆட்சியில் அகன்ற வீதிகள் அமைக்கப்பட்டன. அயல்வீடுகளுக்குப் பொதுச்சுவர் இருத்தலாகாது எனவும், தீயைத் தாங்கவல்ல கல்லைக் கட்டடங்களின் குறித்த பகுதிகளிற் பயன்படுத்தவேண்டும் எனவும் விதிக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் தசிற்றஸ் குறிப்பிடுகின்றார். பேரழிவு முன்செல்ல விதி பின்தொடரும் இம்முறை, பிற்காலத்திலும் மாறாது தொடர்ந்தது.

இலண்டன் மாநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அங்கு 1212 ஆம் ஆண்டின் தீவிபத்தைத் தொடர்ந்து, நாணலாலும் வைக்கோலாலும் கூரை வேய்தல் தடைசெய்யப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஜேம்ஸ் மன்னன் புதுக் கட்டடங்களைச் செங்கல்லாலோ கல்லாலோ அமைக்குமாறு ஆணைகள் பிறப்பித்தான். எனினும் நகரின் உட்பகுதி மரவீடுகளால் நெருங்கியே இருந்தது. 1666 செப்டெம்பர் 2 ஆம் நாள் புடிங் ஒழுங்கையிலுள்ள வெதுப்பகம் ஒன்றில் மூண்ட தீ, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் புனித பவுல் பேராலயத்தையும் எரித்தழித்தது. விதி இல்லாமையன்று, இருந்த விதி பேணப்படாமையே இவ்வழிவுக்கு இடமளித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1667 இன் மீள்கட்டுமானச் சட்டம் முந்தைய ஆணைகளிலிருந்து ஒரு முக்கிய வகையில் வேறுபட்டது. அது வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மாடிகளின் எண்ணிக்கையையும் சுவர்களின் தடிப்பையும் வரையறுத்தது. புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமையவேண்டும் என்றது. இவ்விதிகள் பேணப்படுவதை மேற்பார்வை செய்ய அளவையாளர்களும் நியமிக்கப்பட்டனர். விஞ்ஞானி றொபேட் ஹூக் அவர்களுள் ஒருவர். மீளக் கட்டும் செலவு குறித்து நிலவுடைமையாளருக்கும் குடியிருப்போருக்குமிடையே எழுந்த பிணக்குகளைத் தீர்க்கத் தனியான நீதிமன்றமும் அமைக்கப்பட்டது. விதியும், அதனைக் கண்காணிக்கும் அதிகாரியும், பிணக்கைத் தீர்க்கும் மன்றமும் ஒருங்கே அமைந்தமையே இச்சட்டத்தின் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

ஆயின் இச்சட்டம் காக்க முற்பட்டது யாது? அத்தீயில் இறந்தோராகப் பதிவுசெய்யப்பட்டோர் மிகச் சிலரே. அழிந்தவை வீடுகளும் பண்டகசாலைகளும் வணிகப் பொருட்களுமாம். எனவே ஒருவரது வீட்டிலிருந்து மற்றவரது வீட்டுக்குத் தீ பரவாது தடுப்பதே விதியின் மையமாயிற்று. 1680 களில் நிக்கலஸ் பார்பன் தொடக்கிவைத்த தீக்காப்புறுதி வணிகமும் இந்நோக்கையே வலுப்படுத்தியது. 1774 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களை ஏழு வகையாகப் பிரித்துப் பொதுச்சுவர்களை மேலும் நுணுக்கமாக வரையறுத்தது. மாடிகளிலிருந்து மக்களை மீட்பதற்கு ஏணிகளை வைத்திருக்குமாறு அச்சட்டம் ஊர்ப்பங்குகளைப் பணித்ததாயினும், கட்டடத்தினுள் இருப்போர் எவ்வழியால் வெளியேறுவர் என்பது விதியாளரின் முதன்மைக் கவலையாகவில்லை.

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் கூடும் தொழிற்சாலைகளும் அரங்குகளும் எழுந்தன. 1903 டிசெம்பர் 30 இல் சிக்காக்கோவின் இரோக்குவா அரங்கில் 602 பேர் மாண்டனர். தீயால் அழியாதது என விளம்பரம் செய்யப்பட்ட அவ்வரங்கின் வாயில்கள் பல பூட்டப்பட்டிருந்தன.

இதனினும் பெருந்தாக்கத்தை விளைவித்தது, 1911 மார்ச் 25 இல் நியூ யோர்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் நிகழ்ந்த தீவிபத்தாகும். பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் அது இயங்கியது. இறந்த 146 பேருட் பெரும்பாலானோர், யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியின் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் பொருட்களைத் திருடிச் செல்வர் என்ற ஐயமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரந்தாங்காது சரிந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணிகள் ஆறாம் மாடிவரையே எட்டின. கட்டடமோ நிலைத்து நின்றது. அது இன்றும் நியூ யோர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகப் பயன்படுகின்றது. தீயைத் தாங்கும் கட்டடம் வேறு, மனிதரைக் காக்கும் கட்டடம் வேறு என்பதை இதனினுந் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி பிறிதில்லை.

இங்கும் விதி முன்னரே இருந்தது. வேலை நேரத்திற் கதவுகளைப் பூட்டலாகாது என நியூ யோர்க்கின் தொழிற்சட்டம் கூறியது. 1909 இல் இத்தொழிற்சாலையின் தொழிலாளர் முன்னின்று தொடக்கிய வேலைநிறுத்தம் நகரெங்கும் பரவியதும் குறிப்பிடத்தக்கது. ஆயினும், கதவு பூட்டப்பட்டிருந்தமையை உரிமையாளர் அறிந்திருந்தனர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படாமையால் அவர்கள் விடுதலையாயினர். வழக்குத் தொடர்ந்த குடும்பங்களுக்கு 1914 இல் உயிரொன்றுக்கு 75 டொலர் வழங்கப்பட்டது. மறுபுறத்தில், மக்களின் சீற்றத்தால் நியமிக்கப்பட்ட தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவின் பரிந்துரைகளால் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. காப்புறுதித் துறையின் முயற்சியால் 1896 இல் உருவான அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், 1913 இல் உயிர்ப்பாதுகாப்புக்கெனக் குழுவொன்றை அமைத்தது. அதன் பயனாக 1927 இல் வெளிவந்த கட்டட வெளியேறல் விதிக்கோவை, 1966 இல் உயிர்ப்பாதுகாப்பு விதிக்கோவை எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரிலேயே நோக்கத்தின் மாற்றம் தெரிகின்றது.

இக்காலத்திலேயே அறிவியல் அளவீடும் விதிகளுள் இடம்பெற்றது. சுவரோ தூணோ எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்பதை ஒரே முறையில் அளப்பதற்கு, 1918 இல் அமெரிக்காவில் நியம வெப்பநிலைக் கோடு ஏற்கப்பட்டது. சோதனை உலையின் வெப்பநிலை 5 நிமிடத்தில் ஏறத்தாழ 538 பாகை செல்சியசையும் ஒரு மணி நேரத்தில் 927 பாகையையும் எட்டவேண்டும் என்பது அதன் வரையறை. ஒரு மணி, இரு மணி எனத் தீத்தாங்குதிறனைக் குறிக்கும் வழக்கு இத்தகைய சோதனையையே அடிப்படையாகக் கொண்டது.

பிற்காலத்தில், தடிப்பையும் பொருளையும் கட்டளையிடுவதினும் அடையவேண்டிய பயனைக் கூறி வழியை வடிவமைப்போரிடம் விடுதலே சிறந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. இங்கிலாந்தின் 1985 ஆம் ஆண்டுக் கட்டட ஒழுங்குவிதிகள் இவ்வழிப்பட்டவை. புத்தாக்கத்துக்கு இடமளித்த இம்முறை, நேர்மையும் கண்காணிப்பும் குன்றியவிடத்து ஆபத்தாகவும் முடிந்தது. 2009 இல் இலண்டன் லக்கனல் மாளிகைத் தீயில் ஆறுபேர் இறந்தபின், விதிவிளக்க ஆவணத்தைத் திருத்துமாறு மரண விசாரணை அதிகாரி 2013 இற் பரிந்துரைத்தும் அது உரியகாலத்தில் நிறைவேறவில்லை. 2017 ஜூன் 14 இல் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்கள் பலியாயின. எரியும் பொலியெதிலீன் அகடு கொண்ட அலுமினியப் புறத்தகடுகள் வழியே தீ மேலேறியது. உற்பத்தியாளர் சிலர் சோதனை முடிவுகளைத் திரித்தமையையும், அரசு எச்சரிக்கைகளைப் புறக்கணித்தமையையும் 2024 இல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது.

கீழைத்தேயங்களின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. இந்தியாவின் தேசியக் கட்டட விதிக்கோவை 1970 இலேயே தீப்பாதுகாப்பு பற்றிய பகுதியுடன் வெளிவந்தது. எனினும் 2004 ஜூலை 16 இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் ஓலைக்கூரை பற்றியெரிய, 94 பிள்ளைகள் மாண்டனர். இலண்டன் 1212 இல் விலக்கிய எரியுங்கூரை, எட்டு நூற்றாண்டுகளின் பின்னும் ஏழைப் பிள்ளைகளின் தலைக்குமேல் இருந்தது. 2012 செப்டெம்பரில் கராச்சி ஆடைத் தொழிற்சாலையொன்றில் 250 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். சில வாரங்களுக்கு முன்னரே அது சர்வதேசத் தரச்சான்றிதழ் பெற்றிருந்தது. நியூ யோர்க்கின் பூட்டிய கதவு நூறாண்டுகளின் பின் வேறொரு கண்டத்தில் மீண்டும் தோன்றியது.

தொகுத்து நோக்குமிடத்து, தீப்பாதுகாப்பு விதிகளின் வளர்ச்சி உடைமையைக் காப்பதிலிருந்து உயிரைக் காப்பதை நோக்கிச் சென்றுள்ளது எனலாம். ஆயினும் அவ்வளர்ச்சி அறிவின் பெருக்கத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. இறந்தோரின் சார்பிற் குரல் எழுப்பியோரின் முயற்சியும் அதற்குத் துணைநின்றது. நாணற்கூரை தீப்பற்றும் என்பதையும் பூட்டிய கதவு உயிர் பறிக்கும் என்பதையும் சமூகம் அறியாதிருந்ததில்லை. அறிந்ததை விதியாக்கி, அவ்விதியைக் கண்காணிக்கும் அதிகாரியை இலாபநோக்கின் செல்வாக்கிலிருந்து விடுவிப்பதே இன்றளவும் முற்றுப்பெறாத பணியாகும். கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் மட்டுமன்றி, சட்டத்தையும் வரலாற்றையும் சமூகவியலையும் பயில்வோரும் பங்கேற்றாலன்றி அப்பணி நிறைவுறாது.