வரைகலையும் பாதுகாப்பும்: டார்ம்ஸ்டாட் ஆய்வுகளின் வரலாறு

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஃபிரவுன்ஹோஃபர் கழகத்துக்கு இரண்டு ஆய்வு நிறுவனங்கள் உண்டு. ஐஜிடி கணினி வரைகலைக்கானது. எஸ்ஐடி தகவல் பாதுகாப்புக்கானது. பிறப்பாலும் துறையாலும் வேறுபட்ட இவை நெருங்கி வந்ததற்கு ஒரே ஊரில் இருப்பது மட்டும் காரணமல்ல. படத்தை உருவாக்கும் கணிதமே அதைச் சிதைக்கவும் பொய்யாக்கவும் பயன்படத் தொடங்கியதுதான் முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

போர்ச்சுகலில் பிறந்த ஹோசே லூயிஸ் என்கார்னசாவ் 1975இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அக்காலத்தில் ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு வரைபொறிக்கும் தனித்தனிக் கட்டளைகள். கருவியை மாற்றினால் நிரலையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளுக்கு இது வீண்செலவு. கோடு, குறி, நிரப்பிய பரப்பு, எழுத்து போன்ற சில அடிப்படை உருக்களைக் கொண்டே எந்தக் கருவியிலும் வரையலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது ஜிகேஎஸ் என்ற வரைகலை அமைப்பு. என்கார்னசாவின் பங்களிப்போடு ஜெர்மானியத் தர அமைப்பில் உருவான அது 1985இல் ஐஎஸ்ஓ தரமானது. வரைகலைக்கான முதல் பன்னாட்டுத் தரம் அதுவே. பின்னாளில் முப்பரிமாண வரைகலையில் சந்தை ஓப்பன்ஜிஎல் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் தொழிலின் தேவையிலிருந்து ஆய்வுக் கேள்வியை எடுக்கும் வழக்கத்தை டார்ம்ஸ்டாட்டில் ஊன்றியதில் ஜிகேஎஸ்ஸுக்குப் பெரும் பங்குண்டு.

அவ்வழக்கத்துக்கு நிதி அமைப்பும் துணைநின்றது. ஓர் ஆய்வு நிறுவனம் ஒப்பந்தப் பணிகளால் ஈட்டும் வருவாயோடு அதன் அரசு நிதியையும் இணைக்கும் முறையை ஃபிரவுன்ஹோஃபர் கழகம் 1973இல் ஏற்றது. நிறுவனங்களின் சிக்கலைக் காது கொடுத்துக் கேட்காத ஆய்வுக் கூடம் இங்கே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. 1987இல் என்கார்னசாவின் தலைமையில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வுக் குழுவாகத் தொடங்கி வளர்ந்த ஐஜிடி, இந்தச் சூழலில்தான் வேர்விட்டது.

1990களில் படங்கள் இணையத்தில் உலவத் தொடங்கின. நகலெடுக்கச் செலவில்லை, உரிமையாளர் யாரென்று காட்ட வழியுமில்லை. ஐஜிடியின் எக்கார்ட் கோக்கும் ஜியான் ஜாவோவும் 1995இல் வெளியிட்ட வாட்டர்மார்க் (மறைகுறி) முறை இதற்கான தொடக்ககால விடைகளில் ஒன்று. படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஜேபெக் பயன்படுத்தும் அதே கொசைன் உருமாற்றத்துக்கு உட்படுத்தினார்கள். எந்தக் கட்டங்களில் எழுதுவது என்பதை இரகசியச் சாவி தீர்மானிக்கும். நடு அதிர்வெண் எண்களில் எது பெரியது, எது சிறியது என்ற உறவைச் சற்றே மாற்றினால் ஒரு பிட் தகவல் அதில் அமரும். கண்ணுக்குத் தெரியாது, ஜேபெக் சுருக்கத்தையும் ஓரளவு தாங்கும். சுருக்கும் முறையின் உள்ளமைப்பை அறிந்தவர்களுக்கே தோன்றக்கூடிய தீர்வு இது. அதன் அழகை நான் அங்கேதான் காண்கிறேன்.

1997இல் கேம்பிரிட்ஜின் ஃபேபியன் பெட்டிகோலாஸும் மார்க்கஸ் குனும் இத்தகைய முறைகளின் உறுதியைச் சோதிக்க ஸ்டிர்மார்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். அது சாவியைத் தேடவில்லை. மறைகுறியைப் படிக்கவும் முயலவில்லை. படத்தைச் சிறிதே இழுத்து, சாய்த்து, வளைத்து, புள்ளிகளை மறுகணக்கிட்டது. அச்சிட்டு மீண்டும் ஸ்கேன் செய்த படம் போலிருக்கும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கட்டங்களின் வரிசை நழுவிவிட, மறைகுறி இருந்தும் அதைப் படிக்கும் நிரல் தவறான இடத்தில் தேடும். அக்காலத்து முறைகள் பலவும் இந்தச் சோதனையில் விழுந்தன. தாக்குதலின் ஒவ்வொரு படியும் வரைகலைப் பாடநூலில் உள்ள வடிவியல் மாற்றம்தான் என்பதே இங்கு முக்கியம். குறியாக்கவியல் மட்டும் படித்தவரால் இனி படத்தைக் காக்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எஸ்ஐடி வேறு வழியாக வந்தது. அது முன்பு ஜிஎம்டி என்ற அரசு கணினி ஆய்வு அமைப்பைச் சேர்ந்தது. 2001இல் ஜிஎம்டி ஃபிரவுன்ஹோஃபருடன் இணைந்தபோது உள்ளே வந்தது. ஊடகப் பாதுகாப்பும் அதன் துறைகளுள் ஒன்றானது. வாங்குபவரைப் பூட்டி வைக்காமல் ஒவ்வொரு பிரதிக்கும் தனி அடையாளம் இடலாம் என்பது அங்கே வளர்ந்த வணிகச் சிந்தனை. 2013இல் பேசப்பட்ட சிடிம் திட்டம் இதை மின்னூலுக்குக் கொண்டுசென்று, பிரதிக்குப் பிரதி சொற்களையே சற்று மாற்ற முனைந்தது. படத்தில் ஒரு புள்ளி மாறினால் யாருக்கும் நட்டமில்லை. எழுத்தாளர் தேர்ந்த சொல்லை இயந்திரம் மாற்றுவது வேறு விஷயம். இந்த எல்லையை அத்திட்டம் கடந்ததாகவே நான் கருதுகிறேன்.

2014இல் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு வரைகலை உத்தியின் ஆபத்தைக் காட்டினார்கள். இரண்டு முகங்களைக் கலந்து உருவாக்கிய படத்தைக் கடவுச்சீட்டில் ஒட்டினால், எல்லையில் உள்ள கருவி இருவரையுமே அதன் உரிமையாளராக ஏற்கக்கூடும். திரைப்படங்கள் வியப்புக்காகப் பயன்படுத்திய மார்ஃபிங் இங்கே ஆள்மாறாட்டக் கருவி. இத்தகைய கலப்பைக் கண்டறியும் ஆய்வில் ஐஜிடி முனைந்து நிற்கிறது. 2019இல் உருவான அதேனே என்ற இணையப் பாதுகாப்பு மையத்தில் எஸ்ஐடியும் ஐஜிடியும் டார்ம்ஸ்டாட்டின் உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றாகச் செயல்படுகின்றன. மார்ஃபிங் மோசடியைத் தடுக்கும் நோக்கில், 2025 மே மாதம் முதல் கடவுச்சீட்டுக்குக் காகிதப் புகைப்படம் ஏற்பதை ஜெர்மனி நிறுத்தியது. பாதுகாப்பான வழியில் அனுப்பப்படும் அல்லது அலுவலகத்திலேயே எடுக்கப்படும் டிஜிட்டல் படம் மட்டுமே இப்போது அங்கே செல்லும்.